முதல் கையெழுத்து

ஜூலை 3, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதியாவது வைக்கிறேன். பேசினால் வீட்டில் சண்டை வருகிறது. காகிதம் எதிர்த்துப் பேசாது.

இன்று மாலை நகராட்சியிலிருந்து அஜெண்டா வந்தது. பதினான்காம் தேதி நகர்மன்றக் கூட்டம். பதினேழாவது பொருள்: கிணற்றடித் தெரு, கதவு எண் 22-இல் பத்து எச்.பி. மோட்டார் வைத்து மாவு மில் நடத்த அனுமதி கோருதல். மனுதாரர் ப. வேலாயுதம்.

வேலாயுதம் என் தம்பி. கதவு எண் 22 எங்கள் அப்பா கட்டிய வீடு. என் வீடு அதே தெருவில் எட்டு வீடு தள்ளி இருக்கிறது. பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அப்பா இறந்தபோது, மூத்த பிள்ளை நான் இருக்க, எனக்காகக் காத்திராமல் அவனே கொள்ளி வைத்துவிட்டான். நான் அப்போது சென்னையில் இருந்தேன். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. காரியம் முடிந்த கையோடு அவன் திருப்பூருக்குப் போய் நூல்மில் வேலையில் சேர்ந்தான். போன சித்திரையில் மனைவி, மகளோடு திரும்பி வந்து வீட்டைத் திறந்திருக்கிறான். என் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போகிறான். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

இந்தப் பொருளில் ஓட்டுப் போடும் இருபத்தொரு பேரில் ஒருத்தி என் மனைவி செண்பகவல்லி. பதினான்காவது வார்டு உறுப்பினர். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவள் நின்றாள். நான் நின்றிருக்க வேண்டிய தேர்தல் அது. அரசியல் அறிவியலில் எம்.ஏ., எம்.ஃபில். படித்தவன் நான். பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக உள்ளாட்சி நிர்வாகம் பாடம் நடத்துகிறேன். கௌரவம் மட்டும்தான் உண்டு, நிரந்தரம் கிடையாது. அவள் பிளஸ் டூ. ஜாக்கெட் தைப்பாள். தேர்தல் சுவரொட்டியில் அவள் படத்தைவிட என் படம் பெரிது. ஊரில் என்னைத்தான் 'கவுன்சிலர்' என்று கூப்பிடுகிறார்கள். அவள் 'கவுன்சிலர் வீட்டம்மா'.

வரட்டும் பதினேழாவது பொருள்.

ஜூலை 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் கசிகிறது. சொல்லி இரண்டு வாரம். யாரும் வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

ஆட்சேபணை மனு ஒன்று எழுதினேன். மூன்று பக்கம். 22-ஐ ஒட்டினாற்போல் நகராட்சி நடுநிலைப்பள்ளி இருக்கிறது. மிளகாய் வத்தல் அரைத்தால் நெடி நேரே வகுப்பறைக்குள் போகும். இருநூறு பிள்ளைகள். இது நான் கட்டிய பொய்யில்லை, நியாயமான காரணம். நியாயமான காரணம் கையில் இருக்கும்போது வேறு காரணத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரவியம் சார் மனுவைப் படித்துவிட்டு, "உலகநாதா, கல்வெட்டுல வெட்டி வைக்கலாம்டே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆனா வெறும் தெருக்காரங்க பேரா இருந்தா ஆபீஸ்ல தூக்கிப் போட்டுருவானுவ. கவுன்சிலர் பேரு மேல இருக்கணும்" என்றார்.

செண்பகவல்லி அவள் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வர இரவாகும். தெருவில் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கிவிட்டோம். முதல் இடத்தில் நான் போட்டேன்: 'ப. உலகநாதன், எம்.ஏ., எம்.ஃபில்., 14-ஆவது வார்டு உறுப்பினர் சார்பாக.'

இது புதிதில்லை. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர் என்று எல்லா மனுவிலும் இப்படித்தான் போட்டிருக்கிறேன். மற்ற வார்டுகளிலும் கணவன்மார்கள் அப்படித்தான் போடுகிறார்கள். ஐந்து மணிக்குள் நகராட்சியில் கொடுத்து ஒப்புதல் ரசீதும் வாங்கிவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம்.

ஜூலை 8, சனி

அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

தையல் மெஷின் பலகையில் அஜெண்டாவை விரித்து வைத்து, புரியாத இடத்திலெல்லாம் துணியில் அடையாளம் போடும் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்திருந்தாள். முதல் வருடம் நான் படித்துச் சொல்வேன், அவள் கை தூக்குவாள். இப்போது ஆறு மாதமாக அவளே படிக்கிறாள். எனக்கு ஒருவிதமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை திடீரென்று கேள்வி கேட்பதுபோல.

"என்னங்க, உறுப்பினருக்குச் சொந்த அக்கறை இருக்கற பொருள்ல பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாதுன்னு விதி இருக்காமே. அக்கறைன்னா என்ன?"

"ஆதாயம். உனக்கு அதுல பங்கு இருக்கணும், வருமானம் வரணும். உனக்கு என்ன பங்கு இருக்கு?"

"தம்பி நமக்குச் சொந்தம்ல?"

"சொந்தமா? பதினோரு வருஷமா மூஞ்சியில முழிக்கல."

"அதைத்தான் கேக்கேன்." சாக்கட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒருத்தர் மேல ஆசை இருந்தா ஓட்டு அந்தப் பக்கம் சாயும்னு விதி போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வெறுப்பு இருந்தாலும் சாயும்ல? அதுக்கு என்ன போட்டிருக்காங்க?"

பதினெட்டு வருடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்த நினைவில்லை. "இட்லிக்கு மாவு புளிச்சிருச்சான்னு பாரு" என்றேன்.

நேற்றே நகராட்சி மேலாளரிடம் விசாரித்துவிட்டாளாம். பங்கு இருந்தால் கட்டாயம் வெளியே போக வேண்டுமாம். வெறும் உறவு என்றால் மன்றத்தில் அதை எழுந்து சொல்லிவிட்டு, உட்காருவதா போவதா என்பதை அவளே தீர்மானிக்கலாமாம். "சொல்லிட்டு உக்காரலாம்னு இருக்கேன். நம்ம வார்டுக்கு இருக்கறது ஒரே ஓட்டு. ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் போடுவேன்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"கேட்டாத்தானே தெரியும்."

ஜூலை 9, ஞாயிறு

காலையில் என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே கடைவீதியில் ஒரு மாவு மில் இருக்கிறது. பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு மில்லைச் சுற்றிப் பார்க்கும் தம்பதி இந்த மாவட்டத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

மில்காரர் மூக்கில் துண்டு கட்டியிருந்தார். செண்பகவல்லி விடவில்லை. வத்தல் எந்த நேரம் அரைப்பீர்கள், நெடி எத்தனை வீடு தாண்டும், மேலே தகரக் கூண்டு வைத்துப் புகைபோக்கி போட்டால் குறையுமா.

"குறையும்மா. ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்கோ அந்தப் பக்கத்துக்காரன் தும்முவான். நீங்க கடை போடப் போறியளா?"

"இல்லண்ணாச்சி. போடலாமா வேண்டாமான்னு சொல்லப் போறேன்."

அவர் என்னைப் பார்த்து, "சார் யாரு, ஆபீசரா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரங்க. பை தூக்க வந்தாங்க" என்றாள். சிரித்தாள். எனக்குக் கோபம் வரும்முன் தும்மல் வந்துவிட்டது. வரிசையாகப் பதினொன்று. அவள் எண்ணினாளாம். பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

அவன் வீட்டுக்குப் போய்வந்துவிட்டாள். அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய டீச்சரையும் பார்த்திருக்கிறாள். உறுப்பினராகத்தான் போனேன் என்றாள். காபி குடித்தாயா என்று கேட்டேன். "குடிக்கல. தண்ணி மட்டும்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

நூல்மில்லில் வேலாயுதத்தின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டதாம். சுண்டுவிரலும் மோதிர விரலும். அதனால்தான் வேலையை விட்டு வந்தானாம். மூன்று மாதமாக இதே தெருவில் நடக்கிறான், எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாளுக்குக் கீழே பார்த்தால் கால்தானே தெரியும்.

"அனுமதி கிடைக்கலன்னா மறுபடியும் திருப்பூருக்கே போயிருவேன்னு சொல்றாரு. இந்தத் தடவை வீட்டை வெலைக்குக் கொடுத்துட்டுப் போயிருவாராம். வந்து போக ஆள் இல்லாத ஊர்ல வீடு எதுக்கு மதினின்னு கேட்டாரு."

நான் கூடைக்காரியிடம் வாங்கிய வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடத்தைப் பத்திக் கேட்டேன். 'எம் பொண்ணும் அங்கதான் ஏழாவது படிக்கா. எம் பொண்ணு மூக்குலயும்தானே நெடி ஏறும்? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பெறகுதான் வத்தல் அரைப்பேன், எழுதிக் கேட்டாலும் தாரேன்'னாரு."

"நல்லாப் பேசுதான்."

"இன்னொன்னும் கேட்டேன். உறுப்பினராக் கேக்கல, மதினியாக் கேட்டேன். அன்னைக்கு ஏன் காத்திருக்கலன்னு."

துண்டை வைத்துவிட்டு அரிவாள்மனையை இழுத்தேன்.

"'அவசரப்பட்டுட்டேன் மதினி. தப்பு எம்மேலதான். அண்ணனுக்குத் தகவல் போய்ச் சேர நேரமாயிருச்சு, நாந்தான் பொறுக்கல'ன்னாரு."

வெண்டைக்காயை வெட்டி முடித்தேன். பொடியாக வெட்டிவிட்டேனாம், பொரியலுக்கு ஆகாது என்றாள். குழம்பில் போட்டாள்.

ஜூலை 12, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14, வெள்ளி

கூட்டத்துக்குப் பத்தரைக்கே போய்விட்டேன். மன்றத்தில் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை நாற்காலி உண்டு. 'பார்வையாளர்' என்று போட்டிருக்கும். பெண் உறுப்பினர்களின் கணவர்கள் ஏழு பேரும் அங்கேதான் உட்காருவோம். மனைவி எப்போது கை தூக்க வேண்டும் என்று தொண்டையைச் செருமிக் காட்டுவது வழக்கம். ஒன்பதாவது வார்டு கணவர் கசமுத்துவுக்கு உண்மையாகவே இருமல் வந்து, போன மாதம் அவர் மனைவி குப்பை வண்டிக்கு இரண்டு தடவை கை தூக்கிவிட்டாள்.

பதினேழாவது பொருள் வந்தது. செண்பகவல்லி எழுந்தாள். "தலைவருக்கு வணக்கம். மனுதாரர் எங்க வீட்டுக்காரங்களோட கூடப் பொறந்த தம்பி. மில்லுல எனக்குப் பங்கு எதுவும் இல்ல. இருந்தாலும் மன்றத்துக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். நான் ரெண்டு தரப்பையும் பார்த்தேன். இன்னும் முடிவு எடுக்கல. இங்க பேசறதைக் கேட்டுட்டு எடுப்பேன்."

மேசைகளைத் தட்டினார்கள். கேலியாகத் தட்டியவர்களும் உண்டு. எனக்குத் தொண்டை செருமத் தோன்றவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது.

"ஆட்சேபணை ஒன்று வரப்பெற்றுள்ளது" என்று மேலாளர் படிக்கத் தொடங்கினார். என் வாக்கியங்கள். மன்றமே அமைதியாகக் கேட்டது. கடைசியில் கையெழுத்துகள். "முதல் கையொப்பம்: ப. உலகநாதன், எம்.ஏ., எம்.ஃபில்., பதினான்காவது வார்டு உறுப்பினர் சார்பாக."

யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வார்டுக்காரர், "இன்னும் முடிவு எடுக்கலன்னு சொன்னீங்களேம்மா, வீட்டுல எடுத்துட்டாங்க போலயே!" என்றார். சிரிப்பு பரவியது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு துணியை வெட்டிய பிறகு அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால் அதைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாம போட்டது. ஆனா எம்பேருல போட்டது. எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னா யாரும் நம்ப வேண்டியதில்ல. தம்பியும் நம்ப வேண்டியதில்ல. பதினோரு வருஷமா எங்க வீட்டுல ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும்தான் நானும் கேட்டிருக்கேன். அதையும் குறிப்புல எழுதிக்கோங்க. இந்தப் பொருள்ல நான் பேசல, ஓட்டும் போடல. வெளிய போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய் வராந்தாவில் குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு வழியே அவள் முழங்கை மட்டும் தெரிந்தது.

அவள் இல்லாமல் இருபது பேர். விசாரித்துப் பார்த்ததில் பத்துக்குப் பத்து. தலைவர் அண்ணன் தம்பி சண்டையில் சமநிலையை முறிக்கும் தன் ஓட்டைப் போட்டு மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. இருபத்தெட்டாம் தேதிச் சிறப்புக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். அதற்குள் சுகாதார ஆய்வாளர் இடத்தைப் பார்ப்பார். மனு கொடுத்தவர்கள் மாற்றிச் சொல்வதானால் எழுத்தில் சொல்லலாம்.

ஜூலை 15, சனி

நேற்று வீட்டில் நான்தான் கத்தினேன். வீட்டு விஷயத்தை மன்றக் குறிப்பில் ஏற்றிவிட்டாய், பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவனை மூன்றாவது வார்டுக்காரன் சிரிக்கும்படி ஆக்கிவிட்டாய் என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோக்க முடியவில்லை. மூன்று தடவை நூலை எச்சில் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். கத்திக்கொண்டே கோத்துக் கொடுத்தேன்.

"எனக்கு ரெண்டு வழியும் திறந்துதான் இருந்துச்சு. இதுவரைக்கும் எதுலயும் நானா யோசிச்சு ஓட்டுப் போட்டதில்ல. இதுதான் மொதத் தடவை. நீங்க கதவைச் சாத்திட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை.

இன்று காலை எனக்குப் பிடித்த மாதிரி முறுகலாகத் தோசை வார்த்தாள். சாப்பிட வெட்கமாக இருந்தது. நான்கு சாப்பிட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

டீக்கடையில் கசமுத்து, "வாங்க சார்பாக! உக்காருங்க சார்பாக!" என்றார். எனக்கு இனி அதுதான் பெயர்போல.

"உங்க வீட்டம்மா செஞ்சது எங்க எல்லாருக்கும் ஆபத்துய்யா. நேத்து எம் பொண்டாட்டி அஜெண்டாவை எடுத்து வச்சுக்கிட்டு, 'இதுல என்ன போட்டிருக்கு, முழுசாப் படிச்சுக் காட்டுங்க'ங்கா. எனக்கே படிச்சாப் புரியல. எங்க போய்ச் சொல்ல?"

சிரித்தேன். பல நாள் கழித்து இன்னொருவர் பேச்சுக்குச் சிரிக்கிறேன்.

அவள் மெஷின் டிராயரில் கத்தரிக்கோல் தேடியபோது ஒரு காகிதம் கிடைத்தது. கூட்டத்தில் பேசுவதற்காகக் குறித்து வைத்திருக்கிறாள். நான் எழுதித் தராத குறிப்பு.

'பள்ளிக்கூடம்: நெடி. சாயங்காலம் நாலரைக்கு மேல மட்டும் வத்தல். தகரக் கூண்டு. பெரிய டீச்சர் சரின்னா சரி.

தம்பி: விரல். வேற வேலை தெரியாது. இந்தத் தடவை போனா வரமாட்டாரு.

இவங்க: மாமா செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். கோபப்படாம கேக்கணும். பாவம்.'

ஒரு மாவு மில் அனுமதிக்கு இரண்டு பக்கமும் விசாரித்தவள் மூன்றாவதாக என்னையும் விசாரணையில் சேர்த்திருக்கிறாள். 'பாவம்' என்று எழுதி ஒரு கோடு போட்டிருக்கிறாள். என்னைப் பற்றி யாரும் அந்தச் சொல்லை எழுதியதில்லை. தேர்வுக்குழு எழுதவில்லை. கல்லூரி முதல்வர் எழுதவில்லை. நானும் எழுதிக்கொண்டதில்லை.

ஜூலை 20, வியாழன்

அவள் கேட்கும்முன் நானே சொல்லிவிட்டேன். மதியம், அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது. இங்கேயும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மூன்றாம் தேதி எழுதிய வரி அப்படியே நின்றுவிடும்.

தகவல் தாமதமாக வரவில்லை. மே மாதம் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு வேலாயுதம்தான் போன் செய்தான். "அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே." நான் "வர்றேன்" என்றேன். மறுநாள் பதினொரு மணிக்கு எனக்கு நேர்காணல். நிரந்தரப் பணி. ஏழு வருடமாகக் காத்திருந்த நேர்காணல். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஊரிலிருந்து செண்பகவல்லி எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஒரு நாள்தானே, காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுபத்து நான்காவது சட்டத்திருத்தத்தை மறுபடி படித்தேன்.

அந்த வருடம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்தும் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் மாலை நான்கு மணிவரை வைத்திருந்திருக்கிறான். உறவுக்காரர்கள் திட்டியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் எடுத்திருக்கிறான். நான் இரவு வந்து இறங்கினேன். அத்தனை பேர் முன்னால், "எனக்குத் தகவலே ஒழுங்கா வரல, அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். போனில் பேசிய அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அவன் சொல்லவில்லை. பதினோரு வருடமாகச் சொல்லவில்லை. அவன் மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. போன வாரம் மதினி நேருக்கு நேர் கேட்டும் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

வேலை வேறொருவருக்குப் போனது.

செண்பகவல்லி கொக்கியைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையில் மெஷின் எண்ணெய் வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசலில் யாரோ, "அக்கா, ஜாக்கெட் ஆச்சா?" என்று கேட்டபோதுதான் விட்டாள்.

"இப்பவாச்சும் ரெண்டு பக்கமும் கேட்டேன்" என்றாள்.

ஜூலை 21, வெள்ளி

நகராட்சிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'உறுப்பினர் சார்பாக என்று கையொப்பமிட எனக்கு அதிகாரம் இல்லை. அவருடைய கருத்தை நான் கேட்கவும் இல்லை. என் கையொப்பத்தை விலக்கிக்கொள்கிறேன். மற்ற நாற்பத்திரண்டு பேரின் ஆட்சேபணை அவர்களுடையது, அது நிற்கட்டும்.' இதில் முழுப்பெயர் போட்டேன். பட்டங்களைப் போடவில்லை. மேலாளர், "எம்.ஏ. விட்டுப்போச்சே சார்?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

மில்லை ஆதரித்து ஒரு மனு எழுதலாமா என்று செண்பகவல்லியிடம் கேட்டேன். "போன வாரம் வேண்டாம்னீங்க, இந்த வாரம் வேணும்னா? ரெண்டும் ஒண்ணுதான். நம்ம வீட்டுல இருந்து எந்தப் பக்கமும் காத்து அடிக்கக்கூடாது. ஆய்வாளர் பார்க்கட்டும், பெரிய டீச்சர் சொல்லட்டும், இருபது பேரு யோசிக்கட்டும்."

"கிடைக்காமப் போனா?"

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். எனக்கும் பயமாக இருக்கிறது. அதை எழுதிவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

ரேஷன் கடை வரிசை. எனக்கு நாலு ஆள் முன்னால் வேலாயுதம். பையை இடது கையில் பிடித்திருந்தான், வலது கையை பேண்ட் பைக்குள் வைத்திருந்தான். எடை போட்டவர் கைநாட்டு மெஷினை நீட்டியதும் வலது கையை வெளியே எடுத்தான். பார்த்தேன். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். திரும்பும்போது என்னைக் கண்டுகொண்டான். ஒதுங்கி வழிவிட்டான். நான் "ம்" என்றேன். அது ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் வரிசை தள்ளியது. போய்விட்டான்.

சர்க்கரை வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டும்.

ஜூலை 26, புதன்

நாளை மறுநாள் கூட்டம். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. செண்பகவல்லி கேட்கவில்லை, என்னையும் கேட்கவிடவில்லை.

காலையிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். முதலில் மூன்று பக்கம் வந்தது. அதில் மின்வெட்டு, தேர்வுக்குழு, நான் பட்ட அவமானம் எல்லாம் இருந்தன. அது மனு. கிழித்துவிட்டேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'நீ காலை பத்து மணிக்குப் போன் செய்தாய். நான் எடுத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேர்காணலுக்குப் போனேன். நீ மறுநாள் நான்கு மணிவரை காத்திருந்தாய். தவறு என்னுடையது. உன் மதினியிடம் சொல்லிவிட்டேன். இனி நீ யாரிடமும் மறைக்க வேண்டாம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன்தான் வைத்தான். விரல் போனபோது பார்க்க வராமல் இருந்துவிட்டேன். மில் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டைக் கொடுத்துவிடாதே.'

"எட்டு வீடு தள்ளி இருக்கவருக்கு ஸ்டாம்பு எதுக்கு? நேர்ல கொடுத்தா என்ன?" என்றாள்.

நேரில் கொடுத்தால் பிரிக்கும்முன்பே அவன், "பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிடுவான். அவனைத் தெரியும். அதைச் சொல்வதற்குமுன் அவன் கடைசி வரிவரை படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு போனால் இது வாழ்த்து. கிடைக்காமல் போன பிறகு போனால் ஆறுதல். இரண்டுமாக இருக்கக்கூடாது. முடிவு தெரியாதபோதே எழுதியது என்று உறைமேல் இருக்கும் தபால் முத்திரை சொல்ல வேண்டும்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். வைத்து எடுத்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதிவரை இந்த வீட்டிலிருந்து போகும் எந்தக் காகிதத்திலும் பதினான்காவது வார்டு உறுப்பினரின் கணவன் பெயர் இருக்க வேண்டாம். நாளைக்கு யாராவது இதைத் தூக்கிக் காட்டி, பார், கவுன்சிலர் வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடக்கூடாது. அவள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தது வீணாகிவிடும். 'அண்ணன்' என்று மட்டும் போடலாம். ஆனால் அந்தச் சொல்லை நானாக எடுத்துக்கொள்ள முடியாது. அவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

இந்த ஊரில் மொட்டைக் கடிதத்துக்குக் குறைவில்லை. எல்லாம் அடுத்தவனைக் காட்டிக்கொடுக்க எழுதியவை. என்னையே காட்டிக்கொடுத்து நான் ஒன்று எழுதியிருக்கிறேன். என் எழுத்து அவனுக்குத் தெரியும். அவனுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவன் நான்.

உறையை ஒட்டிவிட்டேன். பெயர் போடவில்லை. அனுப்புநர் இடத்திலும் ஒன்றும் எழுதவில்லை. நாளைக் காலை ஒன்பதரைக்குத் தபால் எடுக்க வருவார்கள். அதற்குமுன் போய்ப் போட்டுவிடப் போகிறேன், இப்படியே.